ஏழு பதிமூணு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. நீ, அத்தான், பொடிசு மூவரும் சுகம்தானே?

உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாரா வாரம் போனில் பேசுகிறவன் பேனாவைத் தூக்கியதற்குக் காரணம் என் காதுதான். புது வேலையில் காலை முதல் மாலை வரை ஹெட்போன். கழற்றும்போது இரண்டு காதும் யாரோ பிடித்துத் திருகியது போலச் சிவந்திருக்கின்றன. அதற்குப் பிறகு போனைக் காதில் வைக்கவே பிடிக்கவில்லை. என்ன வேலை என்று மட்டும் கேட்காதே. சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், வீட்டு ஆட்களிடம்கூட மூச்சு விடக் கூடாது. தப்பான வேலை இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இன்னொன்று. போன மாதம் கம்பெனிச் சலுகையில் வாங்கி அனுப்பினேனே, பேசும் பெட்டி, அதைச் சமையலறையில் வைக்காதே. ஹாலில் ஒரு மூலையில் கிடக்கட்டும். வீட்டு விஷயம் பேசும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு. ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்.

பொடிசை நன்றாகப் படிக்கச் சொல். பதிலை எதிர்பார்க்கிறேன்.

உன் தம்பி

*

ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்ததும் அத்தான் கேட்டார்: "என்னடி, உன் தம்பி எவளையோ பார்த்துட்டானா? போன்ல சொல்ல வெக்கப்பட்டு எழுதியிருக்கான் போல." நான் இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஏமாற்றம்தான்.

பெட்டியைப் பற்றி உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. அத்தானுக்கு இரவு ஷிப்ட், பொடிசுக்குத் தன் போன். சமையலறையில் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? கூப்பிட ஒரு பெயர் வை என்று நீதானே சொன்னாய், கிளி என்று வைத்திருக்கிறேன். மழை வருமா என்றால் சொல்கிறது, பாட்டுப் போடச் சொன்னால் போடுகிறது. மற்றபடி பாதி நேரம் "புரியவில்லை, மீண்டும் சொல்லவும்" என்கிறது. உன் அத்தானோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது பழக்கம்தான்.

பட்டறையில் தலைக்கு மேல் வேலை. புது மேனேஜர் வந்திருக்கிறார். "பொம்பளை கட்டிங் மாஸ்டரா?" என்று முதல் நாள் கேட்டவர், பன்னிரண்டு அடுக்குத் துணியை ஒரே மூச்சில் நான் வெட்டி முடித்ததைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து எழுதினாலும் என் வரி கோணவில்லை, பார்த்தாயா? பொடிசுக்கும் அச்சு அசல் இதே கையெழுத்து. கையைப் பிடித்து நான் பழக்கியதாயிற்றே. அவளுடைய லீவு லெட்டரை எழுதியது நானா அவளா என்று அவள் டீச்சருக்கே சந்தேகம். எனக்கும்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை அக்கா, நிஜமாகவே கேட்கிறேன். உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா? தலைவலி, மயக்கம், எதுவானாலும் சரி. சின்னதாக இருந்தாலும் எழுது.

இங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஹால் பெரியது, ஜன்னல் கிடையாது. நம் மொழிக்கு ஒரே ஒரு வரிசை, ஆறு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்து மேசைக்காரர் சில சமயம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். முன்பெல்லாம் ஏன் என்று புரியாது. இப்போது புரிகிறது.

எதனாலோ இன்று நம் பதிமூணாம் வாய்ப்பாடு நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் கரண்ட் போனால் இருட்டில் உட்கார்ந்து சொல்வோமே. ஏழு பதிமூணு வரும்போது நீ தொண்ணூத்தி மூணு என்பாய். தொண்ணூத்தொண்ணு என்று நான் கத்துவேன். சண்டை போட்டு முடிப்பதற்குள் விளக்கு வந்துவிடும். எட்டு பதிமூணிலிருந்து உனக்கு எல்லாம் சரியாக வரும், அந்த ஒன்றுதான் வராது. பயமாக இருந்தால் இப்போதும் அதைச் சொல்வாயா?

உடனே பதில் போடு.

தம்பி

*

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலம், நலம். மூன்று தரம் எழுதிவிட்டேன், போதுமா? கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. தனியாக இருந்து இருந்து மனசு கண்டதையும் நினைக்கிறது.

வாய்ப்பாடெல்லாம் யார் இப்போது சொல்கிறார்கள்? பயப்பட என்ன இருக்கிறது?

ஒரு வேடிக்கை கேள். கொஞ்ச நாளாக அத்தான் போனைத் திறந்தாலே மூக்குக் கண்ணாடி விளம்பரம். இலவசக் கண் பரிசோதனை, ஒன்று வாங்கினால் ஒன்று என்று ஒரே தொல்லை. ஒரு பெண் போன் பண்ணி, "உங்க வீட்டுல யாருக்காவது பார்வைக் குறைவு இருக்கா சார்?" என்று கேட்டாளாம். "எங்க வீட்டுல எல்லாருக்கும் பார்வை ஜாஸ்திம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டில் ஒருவருக்கும் கண்ணாடி கிடையாது, இது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

கவலைப்படாமல் வேலையைப் பார்.

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஜனவரியில் நீ எழுதியதையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் கையெழுத்து மாறியிருக்கிறது. வரி கோணுகிறது, எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது. கண்ணில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். நாளைக்கே ஒரு கண் டாக்டரைப் பார். சாதாரணக் கண்ணாடிக் கடை வேண்டாம், விழித்திரை பார்க்கிற பெரிய டாக்டர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் நேர்கோட்டைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று அவரிடம் சொல். தள்ளிப் போடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

போன உடனே எழுது.

தம்பி

*

ஏப்ரல் 6

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அத்தான் எடுத்து, "அவ நல்லாத்தான் இருக்கா, வேலைக்குப் போயிருக்கா" என்கிறார். டாக்டரிடம் போனாளா என்று கேட்டால், "எந்த டாக்டர்?" என்கிறார்.

என் மேல் கோபமா? திட்டியாவது எழுது. ஒரு வரி போதும்.

தம்பி

*

ஏப்ரல் 14

தம்பி,

கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் உன் மார்ச் கடிதத்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மூன்றாம் தேதிக் கடிதத்தை நான் எழுதவில்லை. விரலில் ஊசி ஏறிவிட்டது என்று பொய் சொல்லி, நான் சொல்லச் சொல்லப் பொடிசை எழுத வைத்தேன். உனக்கு வித்தியாசம் தெரியாது என்று எனக்குத் தெரியும். கண் பளிச்சென்று இருக்கிற பதினாறு வயசுப் பெண் எழுதியது, நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிற கடிதம். அதில் எங்கே கோணலைக் கண்டாய்?

இந்தக் கடிதம்தான் நான் எழுதுவது. கோணல் எப்படி இருக்கும் என்று இப்போது பார்த்துக்கொள்.

வலது கண்ணில் நடுவே ஒரு கறை விழுந்திருக்கிறது. இடது கண்ணை மூடினால் நேர்கோடு வளைகிறது, எதிரே நிற்கிறவர்களுக்கு மூக்கு இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. பட்டறையில் தெரிந்தால் அன்றைக்கே வெட்டு மேசையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்த மேசைக்கு வந்து நிற்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஆகையால் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு சாயங்காலம், சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. எதிரே மனுஷர் யாருமில்லை.

நேர்கோடு வளைவதைப் பற்றி உனக்கு யார் சொன்னது? நீ என்ன வேலை பார்க்கிறாய்?

அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

போட்ட கையெழுத்து போகட்டும். சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டில் இருப்பது போன்ற பெட்டிகளிடம் ஜனங்கள் பேசுவதை மெஷின் எழுத்தாக்கும். அது தடுமாறுகிற துண்டுகளை எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் குரலைக் கேட்டு, மெஷின் எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் எண். யார் என்றே தெரியாது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். நானும் நம்பினேன். நல்ல பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், ஆனால் பச்சையாகச் சொன்னால் ஒட்டுக் கேட்பதுதான் என் வேலை.

பிப்ரவரி பத்தாம் தேதி ஒரு துண்டு வந்தது. குக்கர் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல்: "கிளி, ஒரு கண்ணை மூடினா கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. நடுவுல கறை மாதிரி இருக்கு. தானா போயிடுமா?" பெட்டி, புரியவில்லை என்றது. குரல் தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் நாள் முழுக்கக் கேட்டால் எல்லாக் குரலும் தெரிந்த மாதிரிதான் இருக்கும். பிறகு அந்தப் பெண் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். ஓர் பதிமூணு பதிமூணு, ஈர் பதிமூணு இருபத்தாறு. ஏழாவது மட்டும் சரியாக வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சரியாக வந்திருந்தால் அது நீ இல்லை.

"ஏழு பதிமூணு தொண்ணூத்தி மூணு."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைசியில் சிரித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதே கிளி" என்றாய்.

மெஷின் அதைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, தொண்ணூற்றொன்று என்று தானாகவே திருத்தி எழுதியிருந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பது எங்கள் விதி. நான் அதை அழித்துவிட்டுத் தொண்ணூற்று மூன்று என்று போட்டேன். அடுத்த துண்டு வந்தது. கேட்டேன்.

டாக்டரிடம் போ அக்கா. என்னை அப்புறம் திட்டலாம்.

தம்பி

*

மே 10

தம்பி,

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்து மடித்து வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

விழித்திரையில் கசிவாம். கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். மாதம் ஒன்று, இன்னும் எத்தனை என்று சொல்லவில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். "ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இவ்வளவு போயிருக்காதும்மா" என்றும் சொன்னார்.

பிப்ரவரியில் எனக்குத் தெரியும். ஆகவே உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆனாலும் திட்டுகிறேன். பிப்ரவரியில் உனக்கும் தெரியுமே, பாவி! தெரிந்து வைத்துக்கொண்டா "தலைவலி உண்டா, மயக்கம் உண்டா" என்று நலம் விசாரித்தாய்? அன்றைக்கே பஸ் ஏறி வந்து கன்னத்தில் ஒன்று வைத்து என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? வாய்ப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது, என் தம்பிக்கு எப்படி இதே நேரத்தில் நினைவு வந்தது, ரத்த பாசம்தான் என்று அழுதேன். அந்த அழுகைக்காக இப்போது வெட்கமாக இருக்கிறது.

இதைவிட ஒன்று இருக்கிறது. சமையலறையில் தனியாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளில் நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அத்தானைப் பற்றிச் சொன்னது, பொடிசைப் பற்றிச் சொன்னது, உன்னைப் பற்றிக்கூட. எதை யார் கேட்டார்கள்? உன் பக்கத்து மேசைக்காரர் முகம் கழுவப் போனாரே, அது என்னைக் கேட்டுவிட்டா? கண்ணாடி விற்கிறவளுக்கு என் கண் எப்படித் தெரிந்தது? இப்போது அந்த அறையில் விளக்கைப் போட்டாலே யாரோ இருக்கிற மாதிரி கூசுகிறது.

பெட்டியைப் பிடுங்கி, பழைய துணியில் சுற்றி, பீரோ அடியில் தள்ளியிருக்கிறேன். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? அதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

பயந்துவிட்டேன். அதுதான் பதில். வேறு நல்ல பதிலாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வேலை போய்விடும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று ஒரு பயம். அது சின்னது. உன் சமையலறையில் நான் இருந்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பெரிய பயம். அந்தப் பெட்டியை அனுப்பி வைத்ததும் நான்தானே. நீயாகவே சொல்லிவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று நலம் விசாரித்துக்கொண்டே இருந்தேன். நீ நலம் என்று எழுதியதைப் பொய் என்று தெரிந்தேதான் படித்தேன். அப்படியும் ஒரு மாதம் தள்ளினேன். கடைசியில் கையெழுத்தின் மேல் பழியைப் போட்டேன், அதிலும் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் சூப்பர்வைசர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அது என் அக்கா குரல், அழித்துவிடுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். "அது யார் குரல்னு எங்க கிட்ட எந்த விவரமும் இல்லைப்பா. அப்ப எதைத் தேடி எதை அழிக்கிறது?" என்றார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். கண்ணாடி விளம்பரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சத்தியம் செய்கிறார். எனக்குத் தெரியவில்லை அக்கா. அங்கே யாருக்கும் முழுசாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே உன் குரல் எங்கேயோ இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க என்னால் முடியவில்லை.

வரட்டுமா என்று கேட்கத் தைரியமில்லை. ஊசி வலிக்கிறதா?

தம்பி

*

ஜூன் 18

தம்பிக்கு,

நலம் என்று ஆரம்பிக்கப் போவதில்லை. நான் நலமாக இல்லை. நீ ஆறு மாதமாகக் கேட்டதற்கு இதுதான் பதில்.

பட்டறையில் சொல்லிவிட்டேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். மறுநாளே என்னை மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார். நான் வெட்டிய துணியில் சட்டை தைத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இப்போது சட்டை மடிக்கிறேன். என் கத்தரியை வேறொருவர் எடுத்துக்கொண்டார். முதல் நாள் வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதேன், அத்தான் முன்னாலேயே. அவரிடம் சொல்லாமல் மறைத்ததற்கு அவருக்கு இன்னும் மனத்தாங்கல். ஆனால் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டில் இருக்கிறார். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் சொல்வதில் பாதியைப் புரியவில்லை என்கிறார்.

பழக்க தோஷத்தில் நேற்றுக்கூட "கிளி" என்று கூப்பிட்டுவிட்டேன். "சொல்லு" என்றார். சிரித்துவிட்டேன்.

இந்த மாத ஊசியும் போட்டாயிற்று. வலியைவிட, ஊசி கண்ணை நோக்கி வருவது தெரிகிறதே, அதுதான். மனசுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே வாய்ப்பாடு சொல்லியிருக்கிறேன். ஏழு பதிமூணு வந்ததும் டாக்டர், "தொண்ணூத்தொண்ணும்மா" என்றார். எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஊசி இல்லாவிட்டால் எழுந்து போயிருப்பேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏழு பதிமூணு எவ்வளவு என்று எனக்கு எப்போதும் தெரியும். அளந்து வெட்டுகிறவளுக்கு அதுகூடவா தெரியாது? இருட்டில் நீ நடுங்குவாய். நான் தப்பாகச் சொன்னால் போதும், பயத்தை மறந்துவிட்டுச் சண்டைக்கு வருவாய். அதற்காகச் சொன்னது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குச் சமையலறையிலும் தொண்ணூத்தி மூணு என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சத்தமே இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த நேரம்தான். திருத்த யாராவது இருந்தால் தேவலை என்று இருந்தது.

நீ இருந்தாய். கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். திருத்தாமல் போய்விட்டாய்.

அதை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மன்னித்த பிறகு வா என்று சொன்னால் காலம் தாழ்ந்துவிடும், அதனால் இப்போதே சொல்கிறேன். அடுத்த ஊசி ஜூலை பன்னிரண்டு, காலையில். உள்ளே கூட ஒருவர் நிற்கலாமாம். அத்தானுக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும். நீ வா. வந்து பக்கத்தில் நில். நான் ஏழு பதிமூணு தொண்ணூத்தி மூணு என்று சொல்வேன். என் காதுக்குப் பக்கத்தில், நான் கேட்கும்படி, வாயைத் திறந்து திருத்து.

அக்கா